பொழி வெட்டிய மறுநாள்

மூன்று வருடங்களுக்கு முன், தசரா விடுமுறையில் நடந்தது இது. நாங்கள் ஹைதராபாத்தில் குகட்பள்ளியில் இருக்கிறோம். என் கணவரின் குடும்பம் ரயில்வே வேலைக்காகச் செகந்திராபாத் வந்து மூன்று தலைமுறை ஆகிறது. அவருடைய அக்கா மட்டும் கல்யாணமாகிச் சொந்த ஊர்ப் பக்கமே, கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊருக்குப் போய்விட்டார். அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவர் கணவர் கடலுக்குப் போவார், மைனி மீனைச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்பார். கோடையில்தான் அங்கே போவது எங்கள் வழக்கம். அந்த வருடம் முதல் தடவையாக மழைக்காலத்தில் போனோம்.

என் வேலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கூத்தெல்லாம் அதனால் வந்ததுதான். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில், கழிவுநீரைச் சோதிக்கும் லேப்பில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். ஒரு பாட்டில் தண்ணீரைக் கண்ணால் பார்த்து, ஒரு தடவை மோந்துவிட்டால், அதில் என்ன கலந்திருக்கிறது என்று பாதி சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு கர்வம். வீட்டில் சாம்பாரைக்கூட மோந்துவிட்டு, "சாம்பிள் பாஸ்" என்பேன் என்று பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். எனக்கும் அந்தக் கிண்டல் பிடிக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்தோம். இரண்டு வாரமாக அங்கே விடாத மழையாம், யாரும் கடலுக்கே போகவில்லையாம். அன்றுதான் வெயில் அடித்திருந்தது. மைனி சாப்பாடு பரிமாறும்போது, "நாளைக்கு நல்ல மீன் உண்டு, பிள்ளைகளுக்கு வயிறு நிறையப் பொரிச்சுத் தாறேன்" என்று சந்தோஷமாகச் சொன்னார். இரண்டு வாரமாக இல்லாத மீன் நாளைக்கு மட்டும் எப்படி வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தூக்கம் கண்ணைச் சுழற்றியது.

காலையில் மகளையும் மகனையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போனேன். மணல்மேட்டில் ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். கோடையில் நான் பார்த்த நீலக் கடல் எங்கே? கரையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் பால் ஊற்றாத டீ மாதிரி பழுப்பு. அலை உடையும் இடமெல்லாம் மஞ்சள் நுரை, திட்டுத்திட்டாக மணலில் ஒட்டிக்கிடந்தது.

எங்கள் ஊரில் மழை பெய்தால் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயில் நுரை பொங்கி ரோட்டுக்கு வரும். பழுப்பு, நுரை என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். மகன் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடப் பார்த்தான். "மம்மி, நக்கோ போல்!" என்று என் மகள் ஹைதராபாத் பாஷையில் கத்தினாள், வேண்டாமென்று அவனைத் தடுக்கச் சொல்லி. "ஹவ், நக்கோ! ரெண்டு பேரும் மேலே வாங்க!" என்று நானும் கத்தினேன். துப்பட்டாவை எடுத்து மூக்கை மூடிக்கொண்டேன். மூக்கைப் பற்றி அவ்வளவு பீற்றிக்கொள்கிற நான், மூக்கு தேவைப்பட்ட ஒரே நேரத்தில் அதை மூடிக்கொண்டேன் என்பது பிறகுதான் உறைத்தது.

போனை எடுத்து வீடியோ பிடித்தேன். சும்மா பிடித்திருந்தாலும் பரவாயில்லை, பேசவும் செய்தேன். "நான் பதினெட்டு வருஷமா தண்ணி டெஸ்ட் பண்றவ, சொல்றேன். இது கழிவு. யாரும் இதுல கால் வைக்காதீங்க. இந்தப் பக்கத்து மீனை ஒரு வாரத்துக்குத் தொடாதீங்க." எங்கள் குடும்ப குரூப்பில் போட்டேன். அதில் பாதிப்பேர் அந்த வட்டாரத்துச் சொந்தக்காரர்கள். ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்கு வந்து, புட்டையும் பயறையும் ஒரு கை பார்த்தேன். மைனி விடியும் முன்னாலேயே மீனெடுக்கப் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

பத்து மணி வாக்கில் மைனி திரும்பி வந்தார். தலையில் அலுமினியச் சருவம். காலியாக வரவேண்டிய சருவம், நிறைய மீனோடு வந்தது. மடவையும் இறாலும் வெயிலில் மின்னின. இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தார். சந்தையில் ஒருவர்கூட வாங்கவில்லையாம். அந்த ஊர்க் கடலில் விஷம் கலந்திருக்கிறது என்று யாரோ போனில் ஒரு வீடியோ காட்டினார்களாம். இவருக்கு மட்டுமில்லை, இந்த ஊரிலிருந்து போன அத்தனை பெண்களுக்கும் அதே கதி.

பிறகு என்னைப் பார்த்தார். "மக்களே, அதுல பேசினது உன் சத்தம்தானே?" அந்தப் பக்கத்தில் ஒருத்தரையும் அன்பாக அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

என் கணவர் பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார். நான் தலையை ஆட்டினேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். மைனி திட்டவில்லை. மீன்மேல் ஐஸ் போட்டு ஈரச் சாக்கால் மூடினார். "வா, ஒண்ணு காட்டுதேன்" என்று முன்னால் நடந்தார்.

கடற்கரையோடு அரை மைல் போய், ஒரு பாறைக் கூட்டத்தைச் சுற்றினால் காயல் இருக்கிறது. மணல்மேடுகளுக்குப் பின்னால் கிடக்கும் பெரிய ஏரி. கோடையில் நான் பார்த்தபோது அதற்கும் கடலுக்கும் நடுவே அகலமான மணல்திட்டு இருந்தது. அதன்மேல் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். இப்போது அந்தத் திட்டு நடுவில் பிளந்து, ஒரு ஆறு ஓடிக்கொண்டிருந்தது. சும்மா ஓடவில்லை, இரைந்துகொண்டு ஓடியது. இரண்டு பக்கமும் மணல்கரை ஆள் உயரத்துக்குத் துண்டு துண்டாகச் சரிந்து விழுந்தது. கருப்பட்டிக் காப்பி நிறத்தில் காயல் தண்ணீர் கடலுக்குள் போய் விசிறி மாதிரி விரிந்தது. அதன் விளிம்பில் வலைக்காரர்கள் வரிசையாக நின்றார்கள்.

"இதுதான் பொழி. நேத்து உச்சைக்கு மேல வெட்டினோம்" என்றார் மைனி.

மழை நீடித்தால் காயல் நிறைந்து, பின்பக்கத்து வீடுகளுக்குள் ஏறிவிடுமாம். அப்போது ஊரே மண்வெட்டியோடு வந்து திட்டை வெட்டும். நினைத்த நேரத்தில் வெட்ட முடியாது. அலையேற்றம் இறங்கிக் கடல் வற்றத் தொடங்கும் நேரம் பார்த்து வெட்ட வேண்டும். தப்பினால் கடல் மணலைத் திருப்பிக் கொண்டுவந்து அடைத்துவிடும். கடல் பக்கமிருந்து காயலை நோக்கி ஒரு முழ அகலத்துக்குத்தான் வாய்க்கால் தோண்டுவார்கள். அந்த முழ அகலத்தைத் தண்ணீரே அறுத்து அறுத்து ஆறாக்கிக்கொள்ளும். காயல் மீன் வெளியே வரும், அதைத் தேடிக் கடல் மீனும் வரும். சில நாளில் அலை மணலைக் கொட்டித் திரும்ப மூடிவிடும். எந்த இயந்திரமும் இல்லாமல், எந்தப் பொறியாளரும் வராமல் இவ்வளவும் நடக்கிறது.

ஒன்று மட்டும் என்னை உலுக்கிவிட்டது. கடைசி மண்ணை யார் வேண்டுமானாலும் வெட்டக் கூடாதாம். அந்த வருடம் யார் வீட்டில் தண்ணீர் அதிகம் ஏறியதோ, அந்த வீட்டு ஆள்தான் வெட்ட வேண்டும். நேற்று வெட்டியது மைனியின் பக்கத்து வீட்டுப் பெண். அவர் அடுப்பு நாலு நாளாகத் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் வெட்ட, ஊரே சுற்றி நின்று குரவையிட்டதாம். அந்தத் தண்ணீரைத்தான் நான் கழிவு என்றேன்.

குனிந்து ஒரு கை அள்ளி மோந்தேன். ஊறிய இலை, சேறு, மழை. அவ்வளவுதான். ரசாயன வாசனை துளியும் இல்லை. காயலைச் சுற்றிலும் தாழையும் தென்னையும் நின்றன. அவற்றின் சருகு மாதக்கணக்கில் ஊறி இறங்கிய சாறு அந்த நிறம். இது எனக்குத் தெரியாத அறிவியலா? பாடத்தில் படித்ததுதான். அழுகையே வந்துவிட்டது.

"மைனி, ஒரு பாட்டில்ல எடுத்துட்டுப் போய் எங்க லேப்ல டெஸ்ட் பண்ணி, ரிப்போர்ட்டோட போடுறேன்" என்றேன்.

"அது நல்லதுதான். ஆனா மீன் ஹைதராபாத் ரிப்போர்ட் வரைக்கும் நிக்காது மக்களே" என்றார்.

சரிதானே. அங்கேயே, ஓட்டத்துக்குத் தள்ளி ஆழமில்லாத இடமாகப் பார்த்து, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றேன். மைனி போனைப் பிடித்தார். காலையில் பேசியவள் நான்தான், பார்க்காமல் கேட்காமல் பேசிவிட்டேன், இது மழைத்தண்ணீர், பொழி வெட்டியிருக்கிறார்கள், என்னை மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். முதல் வீடியோ போன இடத்துக்கெல்லாம் இதையும் அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன்.

அதோடு விட மனசில்லை. மதியத்துக்கு மேல் மைனியோடு ஆட்டோவில் சந்தைக்குப் போய், சருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மற்றப் பெண்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் என்னை நன்றாகவே ஏசினார். இரண்டு வாரம் கழித்து அடுப்புக்கு வந்த வெளிச்சத்தை ஊதி அணைத்துவிட்டாயே என்றார். ஏச வேண்டியதுதான், கேட்டுக்கொண்டேன். மீன் வாங்க வந்த ஒருவர் என் பேச்சைக் கேட்டதும் நின்று, "அந்த வீடியோவுல உள்ள சத்தம்லா இது!" என்றார். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல் இருந்தது.

மைனி எழுந்து நின்றார். "ஆமா, எனக்கத் தம்பி பெண்டாட்டிதான். அவ ஊர்ல தண்ணி நெறம் மாறினா வெஷம். நம்ம ஊர்ல மாறினா மழை. தெரியாமச் சொல்லிட்டா, இப்போ தெரிஞ்சு வந்து இருக்கா. எத்தனை பேரு அப்பிடி வந்து இருப்பாவ?"

அந்த ஆள் மடவையைப் புரட்டிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் வேறு சிலர் வந்தார்கள். எல்லாம் விற்றுவிட்டது என்று சொல்ல ஆசைதான். பாதிக்கு மேல் விற்றது. மீதி கருவாடானது. ஊர் திரும்பும்போது அந்தக் கருவாட்டில் ஒரு பொட்டலம் கட்டி மைனி என் பையில் வைத்தார். எங்கள் குகட்பள்ளி பிளாட் முழுக்க ஒரு வாரம் அந்த வாசனைதான். பிள்ளைகள்கூட மூக்கைப் பொத்தவில்லை.

பாட்டிலில் எடுத்துவந்த தண்ணீரை, மேலாளரிடம் அனுமதி வாங்கிச் சோதித்தேன். ரயிலில் ஊர் சுற்றி வந்த தண்ணீரில் எல்லாவற்றையும் சோதிக்க முடியாது. முடிந்ததைச் செய்தேன். இலைச்சாற்றின் நிறத்தைத் தவிர வேறொன்றும் அகப்படவில்லை. அதையும் குரூப்பில் போட்டேன்.

மறு வருடம் ஐப்பசியில், நான் லேப்பில் இருக்கும்போது மைனி போன் செய்தார். "இன்னைக்குப் பொழி வெட்டுதோம். நெறம் மாறும், ஆரும் பயப்படாண்டாம்னு நீயே பேசி அனுப்பு. நீ சொன்னா சந்தையில நம்புதாவ, கேட்டியா." என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அந்த ஊர் மீனை விலைபோகாமல் செய்த அதே குரலை இப்போது அவர்களே கேட்டு வாங்குகிறார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்காலமும் அந்த அறிவிப்பைப் பேசி அனுப்புவது நான்தான். பேசும் முன் மைனிக்குப் போன் செய்து, "தண்ணி எதுவரை ஏறிச்சு? யாரு கடைசி மண்ணை வெட்டுறாங்க?" என்று கேட்டுக்கொள்கிறேன். லேப்புக்கு வரும் பாட்டில்களையும் இப்போதெல்லாம் மோந்து பார்க்கும் முன், எங்கிருந்து எடுத்தது என்று கேட்கிறேன். என்னோடு வேலை செய்பவர்கள் சிரிக்கிறார்கள். நிறைந்த சருவத்தோடு திரும்பி வந்து நின்ற மைனியின் முகத்தை அவர்கள் பார்த்ததில்லை, நான் பார்த்திருக்கிறேன்.