கோரைப்பல்லுக்குப் பக்கத்துப் பல்

துணிக்கடையின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்ன அறை. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, பகலிலும் எரியும் ஒரு டியூப் லைட். மேலே பேன்ட் வாங்குகிறவர்களுக்கு நீளம் குறைப்பதற்கும் இடுப்பு பிடிப்பதற்கும் அங்கே ஆல்டரேஷன் அக்கா உட்கார்ந்திருப்பாள். ஐம்பதைத் தாண்டியவள். கல்யாணப் பேச்சு எப்போதோ வந்து எப்போதோ போய்விட்டது. அம்மா இருந்தவரை அம்மா. அதற்குப் பிறகு ஒரு அறை வீட்டில் அவளும் ஒரு ரேடியோவும்.

அக்கா யாரோடும் பேசமாட்டாள் என்று கடையில் சொல்லுவார்கள். எப்படிப் பேசுவாள்? உதடுகளுக்கு நடுவில் எந்நேரமும் குண்டூசிகள். மடிப்பைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்துக் குத்த அதுதான் வசதி. "வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துடுமாக்கும்" என்று மேலே கேலி செய்வார்கள். பேன்ட் பிரிவில் நிற்கும் பெண் துணியைக் கொண்டுவந்து வைப்பாள். "ரெண்டு இன்ச் குறைக்கணும்க்கா." இவள் தலையாட்டுவாள். அவள் போய்விடுவாள். ஒரு நாளின் பேச்சுவார்த்தை பெரும்பாலும் அவ்வளவுதான்.

ஊசியோடு விட்டாளா? நூலையும் பல்லால்தான் அறுப்பாள். கத்தரி கண்ணெதிரே ஆணியில் தொங்கும், அழகுக்கு. மேல் வரிசையில், இடது கோரைப்பல்லுக்குப் பக்கத்துப் பல்தான் அவளுடைய கத்தரி. அந்தப் பல் சொத்தையாகி, ரூட் கெனால் செய்து, கேப் போட்டு, "இனிமே இதால நூல் கடிக்காதீங்க" என்று டாக்டர் சொல்லி அனுப்பி வருஷங்கள் ஆகிவிட்டன. காதில் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். மறுநாள் மெஷினில் உட்கார்ந்ததும் பல் தன்பாட்டுக்கு நூலைத் தேடிப் போய்விட்டது. நரம்பு எடுத்த பல், வலிக்கவும் இல்லை. வலிக்காததை யார் கவனிக்கிறார்கள்?

முதலில் அந்தப் பல்லுக்கு மேலே ஈறில் ஒரு கொப்புளம் வந்தது. உடைந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது. விட்டது தொல்லை என்று நினைத்தாள். திரும்ப வந்தபோது மேலுதடும் சேர்ந்து வீங்கியது. மாத்திரை சாப்பிட்டதும் வடிந்தது. மறுபடியும் வந்தது. பல் டாக்டரம்மா கேப்பைக் கழற்றி, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துக் கழுவி, புதிதாக அடைத்துப் பார்த்தார். கொஞ்ச காலம் சும்மா இருந்துவிட்டு, கொப்புளம் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது.

டாக்டரம்மா எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். வேரின் நுனியில் ஒரு கருப்புப் பொட்டு.

"பழைய கேப்புக்கு அடியில இடைவெளி விழுந்து கிருமி உள்ள போயிருக்கும்மா. இங்க பாருங்க, சீழ் வேர் நுனியில இருக்கு. மாத்திரை அதை அடக்கி வைக்கும், ஒழிக்காது. ஈறைத் திறந்து அந்த நுனியைச் சுத்தம் பண்ணிடலாம். பல்லு உறுதியாத்தான் இருக்கு, காப்பாத்திடலாம்."

"சரிங்க டாக்டர்."

"உங்களுக்குப் படபடப்பு ஜாஸ்தி. அதனால அசத்தற மாதிரி ஒரு மாத்திரை குடுப்போம். தனியா அனுப்ப மாட்டோம். துணைக்கு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்துடுங்க, போதும்."

போதுமாம்! ஈறை அறுப்பதற்குக்கூட அவள் அவ்வளவு பயப்படவில்லை. அந்த ஒருத்தருக்கு எங்கே போவாள்? "தம்பி வருவான் டாக்டர்" என்று சொல்லிவிட்டு, மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தாள்.

தம்பி இருப்பது தூரத்து ஊரில். அன்று சாயங்காலமே போன் செய்தாள்.

"தம்பி, இந்தப் பக்கம் ஏதாவது வேலையா வருவியா?"

"இப்போதைக்கு இல்லக்கா. ஏன், ஏதாவதா?"

"சும்மாதான் கேட்டேன்."

"உடம்பு நல்லாருக்கில்ல?"

"எனக்கென்ன, குண்டுக்கல்லாட்டம் இருக்கேன்."

சொல்லும்போது வீங்கிய உதட்டைக் கையால் பொத்தியிருந்தாள். போனில் உதடா தெரியப்போகிறது?

பேன்ட் பிரிவுப் பெண்ணைக் கேட்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. ஊசிகளை எடுத்து வைத்துவிட்டுப் படியேறினாள். அந்தப் பெண் ஒரு வாடிக்கையாளருக்கு இடுப்பளவு எடுத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். 'என்னோடு அவளுக்கு என்ன பழக்கம்? லீவு போட்டுட்டு வான்னு எந்த உரிமையில கேக்கறது?' பாதிப் படியில் நின்றுவிட்டாள். அந்தப் பெண் நிமிர்ந்து பார்ப்பதற்குள் இறங்கி வந்து, ஊசிகளை மறுபடி வாயில் வைத்துக்கொண்டாள்.

அடுத்த வீக்கத்தில் கண்ணுக்குக் கீழே வரை கன்னம் உப்பிவிட்டது. டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்தது.

"தம்பி வருவார்னு எத்தனை தடவைம்மா சொல்வீங்க? இதை இப்படியே விட்டா பரவிடும்."

அக்கா நாற்காலியில் சாய்ந்தபடி கூரையைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"பல்லை எடுக்கறதுன்னா, அதுக்கும் துணை வேணுமா டாக்டர்?"

"எடுக்கறதா? அதுக்கு மரத்துப்போக ஊசி போட்டா போதும், யாரும் வேண்டாம். ஆனா ஏன் எடுக்கணும்? முன்பல்லு வேற. காப்பாத்தலாம்னு சொல்றேனே."

"எடுத்துடுங்க."

வீக்கம் வடிந்ததும் எடுத்துவிட்டார்கள். வேர் முழுசாக, உறுதியாகத்தான் இருந்தது. டாக்டரம்மா அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தட்டில் வைத்தார். "பஞ்சைக் கடிச்சுக்கங்க. கொஞ்ச நேரம் யாரோடயும் பேசக்கூடாது." அக்கா தலையாட்டினாள். பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தக் கட்டுப்பாட்டைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

மறுநாள் வேலைக்கு வந்தாள். உதடு இன்னும் கனத்துக் கிடந்தது, ஊசி நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு துணிப்பந்து தைத்து அதில் குத்தி வைத்தாள். நூலைக் கடிக்கப் போனாள். நூல் சந்துக்குள் வழுக்கிப் போய் அப்படியே இருந்தது. எழுந்து ஆணியிலிருந்த கத்தரியை எடுத்தாள்.

பேன்ட் பிரிவுப் பெண் துணியோடு வந்தாள். வழக்கம்போல வைத்துவிட்டுத் திரும்பியவள் நின்றாள்.

"என்னக்கா இது, வாயில ஊசியைக் காணோம்?"

"பல்லு எடுத்தாச்சு" என்றாள் அக்கா.

"ஐயோ! எங்க, காட்டுங்க." அந்தப் பெண் துணியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். "முன்பல்லாச்சேக்கா! யார் வந்தா கூட?"

"யாரும் இல்ல."

"தனியாவா போனீங்க? எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் வந்திருப்பேனே. அன்னிக்குப் படியில வந்து நின்னீங்களே, இதுக்குத்தானா? ஓரக்கண்ணுல பார்த்தேன், நிமிர்றதுக்குள்ள போயிட்டீங்க. கீழ வந்தா வாய் நிறைய ஊசி. பேச்சுக் குடுத்தா குத்திக்கப் போறீங்களேன்னு திரும்பிட்டேன்."

அக்காவின் வாயில் ஊசி எதுவும் இல்லை. கை தன்பாட்டுக்குத் துணிப்பந்திலிருந்து ஒன்றை உருவி உதட்டுக்குக் கொண்டுபோனது.