எர்லிண்டாவுக்கு ஒரு சிக்னல்

தேர்தல் வரப்போகிறது என்பதை பாலோ பிளாங்கோ ஊர்க்காரர்கள் செய்தித்தாள் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகையில் ஜெரி அரிஸ்பே, ஹெரார்தோ அரிஸ்பே ஆகிவிட்டாரா என்று பார்த்தால் போதும். மூன்றரை வருஷம் டை கட்டிய ஆங்கில ஜெரியாக இருப்பவர், கடைசி ஆறு மாதம் ஸ்பானிஷ் ஹெரார்தோவாகி, முன்பக்கம் மடிப்பு வைத்துத் தைத்த வெள்ளைச் சட்டைக்கு மாறுவார். பெயர் நீளும்போது மீசையும் கொஞ்சம் அடர்த்தியாகும். கவுண்டி என்கிற அந்த மாவட்டத்தில் அந்தப் பக்கத்துச் சாலைகளுக்கெல்லாம் பொறுப்பான கமிஷனர் அவர்தான். சாலைகளுக்கு அது இன்னும் தெரியாது.

எர்லிண்டா கவாசோஸுக்கு அவர் எந்தப் பெயரில் இருந்தாலும் ஆட்சேபம் இல்லை. அவளுக்கு வேண்டியது ஒரு சிக்னல்.

அறுபத்து நாலு வயது. இருபத்திரண்டு வருஷம் ஆரஞ்சுக் கிடங்கில் நின்றுகொண்டே பழம் தரம் பிரித்தாள். கிடங்கை மூடியதும், நிற்பதில் இவ்வளவு அனுபவம் உள்ளவளை வீணாக்கக் கூடாது என்று நினைத்தார்களோ என்னவோ, பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். பளிச்சென்ற மஞ்சள் மேல்சட்டை, கையில் ‘நில்’ என்று எழுதிய வட்டப் பலகை. பதினான்கு வருஷமாக அதே மூலை.

அதே பள்ளிக்கூடத்தில்தான் அவள் ஒன்றாம் வகுப்பு படித்தாள். ஸ்பானிஷில் தண்ணீர் கேட்டதற்கு உள்ளங்கையில் ஸ்கேலால் அடி வாங்கினாள். டீச்சரின் வாயில் எர்லிண்டா நுழையாததால் பதிவேட்டில் ‘லிண்டா’ ஆனாள். இப்போது செப்டம்பர் பிறந்தால் அங்கே கலாசார விழா. பிள்ளைகளுக்குக் காகித மீசை ஒட்டிவிட்டு, “டோன்யா, ஸ்பானிஷ்ல ரெண்டு வார்த்தை பேசுங்களேன், அழகா இருக்கும்” என்று, பெரியவர்களை அழைக்கும் ஸ்பானிஷ் மரியாதைச் சொல்லோடு மைக்கை நீட்டுவார்கள். அவள் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு மைக்கை வாங்குவாள்.

சாலையில் போவது பெரும்பாலும் லாரிகள். தெற்கே ஆற்றங்கரையில் எழும்பும் எல்லைச் சுவருக்கு இரும்பு ஏற்றிப் போகிறவை. அந்தச் சுவர் யாரைத் தடுக்க எழுப்பப்படுகிறதோ அவர்களுடைய சொந்தக்காரர்கள்தான் ஓட்டுகிறார்கள். சம்பளம் நல்ல சம்பளமாம். எர்லிண்டாவின் அண்ணன் மகன் ரோகெலியோவும் ஒருவன். கடந்த அக்டோபரில் ஒரு லாரியின் பக்கக் கண்ணாடி அவள் கையிலிருந்த பலகையைத் தட்டிக் கால்வாயில் எறிந்துவிட்டுப் போனது. கை தப்பியது. பலகையை மீட்டு, வீட்டில் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, மறுநாள் காலை அதே பலகையோடு நின்றாள். அது நான் இல்லை என்று ரோகெலியோ சத்தியம் செய்தான். ஓட்டியது யார் என்று அவன் சொல்லவில்லை.

மே மாதக் கடைசியில் அவளுக்கு ஓய்வு. அவள் இடத்துக்கு வேறு ஆள் போடுவதில்லை என்று பள்ளி நிர்வாகம் முடிவு செய்திருந்தது. அதற்குள் சிக்னல் வராவிட்டால், விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பிள்ளைகளுக்கும் லாரிகளுக்கும் நடுவில் கடவுள் மட்டும்தான். அவருக்கு மேல்சட்டை கிடையாது.

சிக்னல் கேட்டு நாலு வருஷமாக மனு எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரத்தில் நூறு பேராவது நடந்து கடந்தால்தான் சிக்னல் என்பது சட்டம். எண்ணுவதற்கு ஆள் அனுப்பினார்கள், ஜூலை மாதம், பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தபோது. எண்ணிக்கை: ஏழு. அதில் மூன்று எர்லிண்டா. வெயிலில் உட்கார்ந்திருந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கப் போனது ஒன்று, வந்தது ஒன்று, பாட்டிலைத் திரும்ப வாங்கப் போனது ஒன்று. நாலாவது தடவை திரும்பி வந்தபோது அவர் மூட்டை கட்டிவிட்டார்.

பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அறுபது பிள்ளைகளுக்கு மேல் நடந்து வருவதில்லை. லாரிக்குப் பயந்து தாய்மார்கள் காரில் கொண்டுவந்து விடுகிறார்கள். நடக்க ஆள் இல்லாததால் சிக்னல் இல்லை, சிக்னல் இல்லாததால் நடக்க ஆள் இல்லை. இதை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதி அனுப்பினாள். இரண்டு மொழியிலும் நன்றி சொல்லிப் பதில் வந்தது.

டிசம்பரில் வந்த கடிதம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சோய்லாவின் ரொட்டிக்கடைக்குப் போனாள். சோய்லா, எர்லிண்டாவின் மகனுக்கு ஞானத்தாய். அந்த ஞானஸ்நான நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, உடன்தாய் என்று பொருள்படும் ‘கொமாத்ரே’தான்.

“திரும்ப எண்ண வர்றாங்களாம், கொமாத்ரே. பிப்ரவரி ரெண்டு, மத்தியானம் ரெண்டரையிலிருந்து மூணரை வரைக்கும்.”

“ரெண்டாம் தேதியா? நல்ல நாளாப் பாத்துத்தான் வர்றானுங்க. மெழுகுவர்த்தித் திருநாள். ஊரே எவன் வீட்டுலயாவது உக்காந்து தமால் தின்னுக்கிட்டிருக்கும். ரோட்டுக்கு எவ வருவா?”

“இன்னும் நாப்பது பேர் வேணும்.”

“நாப்பது பேரை எங்கேன்னு புடிப்ப? நாய் ரெண்டு இருக்கு, கூட்டிட்டுப் போ.”

 எர்லிண்டா கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாள். சோய்லாவின் கடையில் அன்று ரொஸ்கா வெட்டுவார்கள். மேஜை நீளத்துக்கு வளையமாகச் சுட்ட இனிப்பு ரொட்டி, மேலே சர்க்கரைப் பாகில் ஊறிய பழத்துண்டுகள், உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும் விரல் நீளக் குழந்தை ஏசு பொம்மை. பொம்மை யார் துண்டில் வருகிறதோ, அவர் பிப்ரவரி இரண்டாம் தேதி எல்லோருக்கும் தமால் போட வேண்டும். சோளமாவில் இறைச்சியை வைத்து, சோளத் தோகையில் பொதிந்து அவிக்கும் கொழுக்கட்டை அது. ஊருக்கே அவிப்பதென்றால் முதுகு உடைந்துவிடும். அதனால் ரொஸ்காவை யாரும் பசியோடு வெட்டுவதில்லை, கண்ணிவெடி தேடுகிறவர்கள் மாதிரி வெட்டுவார்கள். ஒரு வருஷம் சோய்லாவின் தம்பி பொம்மையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டு மூன்று நாள் பயந்து கிடந்தான்.

இந்த வருஷம் கமிஷனரும் வந்தார். கூடவே, பிரசார ஆலோசகராக டல்லாஸிலிருந்து வந்த கேட்லின் என்ற பெண். லத்தீனோ ஓட்டு, அதாவது ஸ்பானிஷ் வம்சாவளிக்காரர்களின் ஓட்டு, எப்படி நினைக்கிறது, எப்படிச் சிரிக்கிறது என்பதையெல்லாம் கல்லூரியில் படித்துத் தேறியவள். அந்த ஓட்டை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெரிய தொப்பி போட்ட பாட்டுக்காரர்கள் ஐந்து பேரைக் கூட்டி வந்திருந்தாள். அக்கார்டியன் கேட்டு வளர்ந்த ஊர் அவர்களை, கல்யாண வீட்டுக்குத் தப்பாக வந்துவிட்ட விருந்தாளிகளைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்தது.

கேட்லின் கொண்டுவந்த கேமரா ஓட ஆரம்பித்ததும் ஹெரார்தோ கண் கலங்கினார்.

“எங்கம்மா வருஷா வருஷம் தன் கையாலயே ரொஸ்கா சுடுவாங்க. இது என் ரத்தத்துல ஊறினது. இந்தப் பழக்கம் எதையும் நான் ஒருநாளும் மறந்தது கிடையாது.”

அவருடைய அம்மாவை எர்லிண்டாவுக்குத் தெரியும். சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய கேக்கைத் தட்டு மாற்றி வைப்பதில் கெட்டிக்காரி. பிள்ளைக்கு அடி விழக்கூடாதென்று வீட்டில் ஸ்பானிஷே பேசாதவள். அந்த ஒரு விஷயத்தில் எர்லிண்டா அவளைக் குறை சொன்னதில்லை.

ரொட்டி கிட்டத்தட்ட காலியாகிவிட்டது. ஒரு பெரிய துண்டு மட்டும் தனியாக நின்றது. அதன் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாதம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரமாக முப்பது பேர் அதைப் பார்த்துப் பார்த்துச் சுற்றி வெட்டியிருந்தார்கள். ஹெரார்தோ அந்தத் துண்டைப் பார்த்தார். தனக்காக மரியாதையோடு விட்டு வைத்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய்த் தட்டை நீட்டினார்.

சோய்லா வாயைத் திறந்தாள். எர்லிண்டா அவள் காலை மிதித்தாள். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பரிமாறுவதுபோல், அந்தத் துண்டை அவளே எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

இரண்டாவது கடியில் பொம்மை பல்லில் தட்டியது. அதை வெளியே எடுத்து, துடைத்து, கேமராவுக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தார்.

“பாருங்க! ஜெயிச்சிட்டேன்!”

கடை முழுக்கக் கை தட்டியது. பதினைந்து வருஷத்தில் அந்த ஊர் ஒரு அரசியல்வாதிக்கு மனமாரக் கை தட்டியது அன்றுதான்.

“சந்தோஷம், தம்பி,” என்றாள் எர்லிண்டா. “அப்ப ரெண்டாம் தேதி எங்கே வெச்சுக்கலாம்?”

“ரெண்டாம் தேதி...” என்று அவர் கேட்லினைப் பார்த்தார். கேட்லின் போனைத் தடவினாள். அவள் படித்த பாடத்தில் அது வரவில்லை போலிருக்கிறது.

“உங்களுக்குத் தெரியாததா? அம்மா வருஷா வருஷம் செஞ்சதாச்சே.”

என்ன அது என்று அவர் கேட்டிருக்கலாம். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. எதையும் மறந்ததில்லை என்று சொல்லி இன்னும் ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

“வழக்கம் எப்படியோ அப்படியே, டோன்யா.”

“வழக்கம்னா மாதா கோயில் மைதானம். பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரெண்டரை மணிக்கு. தமால் போடுறவரு ஊருக்கே போடணும்.”

அப்படி ஒரு வழக்கம் உலகத்தில் எங்கும் கிடையாது. கடையில் இருந்த முப்பது பேரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

வீடியோ அன்று மாலையே ஊரெல்லாம் சுற்றியது. கமிஷனருக்கு விஷயம் புரிந்தபோது, அறுநூறு பேர் அதன் கீழே ‘வந்துவிடுகிறோம்’ என்று எழுதியிருந்தார்கள்.

பிப்ரவரி இரண்டாம் தேதி மைதானத்தில் பெரிய பெரிய அலுமினியப் பானைகள் ஆவி விட்டன. அவித்தது சோய்லா, பேர் ஹெரார்தோவுக்கு. ஏற்பாடுகளை எர்லிண்டா பார்த்துக்கொண்டாள். அவள் விதி எளிமையானது: தமால் மைதானத்தில், கூடவே குடிக்கச் சாக்லேட் கலந்த சோளக்கஞ்சி பள்ளிக்கூட வாசலில். ஒரு தடவைக்கு ஒரு தமால்தான். குப்பைத்தொட்டி பள்ளிக்கூடப் பக்கம். கை துடைக்கிற காகிதம் மைதானத்துப் பக்கம்.

சாலையோரத்தில் மடக்கு நாற்காலி போட்டு, கையில் எண்ணும் கருவியோடு, ஜூலையில் எண்ண வந்த அதே ஆள், டுவெய்ன், உட்கார்ந்திருந்தார். ரெண்டரை அடித்தது. எர்லிண்டா பலகையைத் தூக்கிக்கொண்டு சாலை நடுவில் போய் நின்றாள். ஊர் கடக்க ஆரம்பித்தது.

கால் மணி நேரத்தில் டுவெய்னின் கட்டைவிரல் சிவந்துவிட்டது.

“மேடம், அந்தப் பச்சைத் தொப்பிக்காரர் இத்தோட ஆறாவது தடவை போறார்.”

“பசி, பாவம்.”

“ஒரே ஆளைத் திரும்பத் திரும்ப எண்ண முடியுமா?”

“ஜூலைல என்னை மூணு தடவை எண்ணினீங்களே. உங்களுக்குத் தண்ணி கொண்டு வந்தவளை.”

டுவெய்ன் கருவியைப் பார்த்தார். பிறகு பச்சைத் தொப்பிக்காரருக்கு ஒரு அழுத்து அழுத்தினார். எர்லிண்டா டுவெய்னுக்கு இரண்டு தமால் கொடுத்தனுப்பினாள். கொண்டுபோனவள் சாலையைக் கடந்துதான் போனாள்.

லாரிகள் வரிசையாக நின்றன. முன்னால் நின்றவன் ரோகெலியோ. ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

“அத்தே, சாயந்திரத்துக்குள்ள நாலு நடை அடிக்கணும். சுவரு நின்னு போயிடும்.”

“நிக்கட்டும்டா. எறங்கி ரெண்டு தடவை நட. ஒனக்கும் ஒண்ணு தர்றேன்.”

அவன் இறங்கி நாலு தடவை நடந்தான்.

மூன்று மணி வாக்கில் கேட்லின் நல்ல படம் ஒன்று வேண்டும் என்றாள்: கமிஷனரே பானையைச் சுமந்து சாலையைக் கடக்கிற மாதிரி. ஹெரார்தோ பானையைத் தூக்கிக்கொண்டு, கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி சாலையில் இறங்கினார். லாரிகளுக்கு வழிவிட எர்லிண்டா அப்போது பலகையை இறக்கியிருந்தாள். சிமென்ட் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அதன் டிரைவருக்கு அவர் ஜெரியா ஹெரார்தோவா என்பதில் அக்கறை இல்லை. எர்லிண்டா மடிப்பு வைத்த வெள்ளைச் சட்டையின் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பானை உருண்டது. லாரி அதை நசுக்கிக்கொண்டு போனது.

ஹெரார்தோ புல்லில் உட்கார்ந்துவிட்டார். முகத்தில் ரத்தம் இல்லை.

“டோன்யா... இங்கே... இங்கே யாராவது செத்துப்போவாங்க.”

“அப்படியா, தம்பி?” என்றாள் எர்லிண்டா. “இத்தனை நாளா எங்க யாருக்கும் தோணவே இல்லை பாருங்க.”

அவர் எழுந்திருக்கக் கை கொடுத்தாள்.  பிறகு பலகையை எடுத்துக்கொண்டு சாலை நடுவுக்குத் திரும்பினாள்.

மூன்றரைக்கு டுவெய்ன் கருவியைக் காட்டினார். ஆயிரத்து நாற்பத்தாறு. ஊரின் ஜனத்தொகையே அவ்வளவு வராது.

அடுத்த வாரமே சிக்னலுக்கு அனுமதி வந்தது. மார்ச்சில் ஹெரார்தோ ஜெயித்தார்.

மே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை திறப்பு விழா. மைதானத்தில் பந்தல், மேடை, நாடா. கம்பத்தில் பித்தளைத் தகடு ஒன்று: கமிஷனர் ஜெரி அரிஸ்பேயின் முயற்சியால். மேடையில் டை கட்டியிருந்த ஜெரி, தமால் பானையைச் சுமந்து வந்த அந்த நாளில், தன் தாயின் நினைவோடு இந்த யோசனை தனக்கு உதித்த விதத்தை ஆங்கிலத்தில் விவரித்தார்.

எர்லிண்டாவுக்கு மேடையில் இடம் இல்லை. அவளுக்கு வேலை இருந்தது. விருந்தினர்கள் கார்களைப் பள்ளிக்கூடப் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். சிக்னல் இன்னும் எரிய ஆரம்பிக்கவில்லை. அதனால் சிக்னல் திறப்பு விழாவுக்கு வந்தவர்களையெல்லாம் அவள்தான் பலகை பிடித்துச் சாலை கடத்திவிட்டாள். கடைசியாக வந்த சோய்லா மட்டும் நடுச்சாலையில் நின்றாள்.

“மேடைக்கு வா, கொமாத்ரே. பேரையாவது சொல்லச் சொல்றேன்.”

“எந்தப் பேரை? லிண்டான்னு சொல்லுவாரு. நீ போ, லாரி நிக்குது.”

நாடாவை வெட்டினார்கள். பொத்தானை அமுக்கினார்கள். தூரத்தில் ரோகெலியோவின் லாரி வந்துகொண்டிருந்தது. எர்லிண்டா பழக்கத்தில் பலகையைப் பாதி தூக்கிவிட்டாள். மேலே சிவப்பு எரிந்தது. லாரி வேகம் குறைந்து, மூச்சு விட்டு, கோட்டுக்கு முன்னாலேயே நின்றது. ரோகெலியோ ஜன்னல் வழியே அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, சக்கரத்தைப் பார்த்தாள்.

சக்கரம் முழுதாக நின்ற பிறகுதான் பலகையை இறக்கினாள்.