கோட்டின் மேல் விழுந்த பந்து

சங்கரன்கோவிலுக்கு வந்து சாம்சன் வீடு எது என்று கேட்டால் எந்தச் சாம்சன் என்று திருப்பிக் கேட்பார்கள். லைன் சாம்சன் என்று சொல்லிப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து கடை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். ராஜபாளையம் சாலையில் கோப்பையும் கேடயமும் பந்தும் வலையும் விற்கிற கடை. ஆனால் பெயர் கடையால் வந்ததில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு வேட்டியை மாற்றி, கால்சட்டையும் கொடியுமாகக் கால்பந்து மைதானத்தின் ஓரத்தில் போய் நிற்பாரே, அதனால் வந்தது.

கோட்டை அவரைப் போலப் பார்க்கிறவர் சுற்று வட்டாரத்தில் இல்லை. "பந்து முழுசாத் தாண்டணும். ஒரு நூல் கோட்டுல ஒட்டிக்கிட்டு இருந்தாலும் கோல் கிடையாது" என்பார். அதற்குமேல் ஒரு வார்த்தை வராது. நடுவர் திரும்பிப் பார்த்தால், கோல் என்றால் கொடி ஏறும், இல்லை என்றால் இடது கை ஒரு முறை குறுக்கே ஆடும். அவ்வளவுதான். வாய் பேசுகிற லைன்மேனை எவன் மதிப்பான் என்பது அவர் கட்சி. இரண்டு ஊர்க்காரர்களும் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்த ஆட்டத்தில்கூட அந்தக் கை ஆடியதும் அவனவன் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் போயிருக்கிறான். மனுசனுக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இல்லை என்று சொன்னால் அவர் மனைவி ஞானபூரணமே சிரிப்பாள்.

அப்படிப்பட்டவரைத்தான் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளின் ரக்பி போட்டிக்குக் கூப்பிட்டார்கள். ரக்பி இந்தப் பக்கத்துக்குப் புதுசு. கால்பந்தும் கபடியும் ஆடிய பிள்ளைகளையே பொறுக்கி எடுத்து அணி சேர்த்திருந்தார்கள். ஜெயிக்கிற அணி மாநிலப் போட்டிக்குப் போகும். பந்தைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒருத்தர், "என்னவே இது, உரிக்காத தேங்காயக் கொண்டாந்து போட்டிருக்காவ" என்றார். பந்து சாம்சன் கடையிலிருந்துதான் போயிருந்தது.

நடுவர் ஹஸ்னா பானு, மேலப்பாளையத்துப் பெண். சென்னைவரைக்கும் போய் ஆடியவள். காலையில் எல்லாரையும் உட்கார்த்தி வைத்துக் கணக்குச் சொன்னாள். எதிராளியின் கடைசிக் கோட்டுக்குப் பந்தைக் கொண்டுபோய்த் தரையில் வைத்து அமுக்கினால் அதற்குப் பெயர் ட்ரை, அஞ்சு பாயிண்டு. அதன்பின் பந்தைக் கையிலிருந்து தரையில் விட்டு, எழும்பும்போது உதைத்துக் கம்பத்துக்கு நடுவே அனுப்பினால் கூட ரெண்டு. தப்பாட்டத்துக்குக் கிடைக்கிற உதை உள்ளே போனால் மூணு.

"ட்ரை பண்ணதுக்கே அஞ்சா? எங்க கால்பந்துல தொண்ணூறு நிமிசம் நாயா அலைஞ்சாலும் ஒண்ணுதான்" என்று சாம்சன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

ஹஸ்னாவும் சிரித்துவிட்டு, "அண்ணாச்சி, நீங்க கடைசிக் கோட்டுல நிக்கிய. கோட்டப் பத்தி மட்டும் ஒரு விசயம் சொல்லிருதேன்" என்றாள்.

"கோட்டப் பத்தியா? எனக்கா?" என்றார் சாம்சன். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. வயதில் சின்னவள், வற்புறுத்தக் கூச்சப்பட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.

இறுதி ஆட்டம் மேலநீலிதநல்லூர்ப் பிள்ளைகளுக்கும் சிவகிரிப் பிள்ளைகளுக்கும். இரண்டு பக்கமும் ஆளுக்கு இரண்டு ட்ரை. சிவகிரி அதில் ஒன்றுக்கு உதையும் போட்டிருந்தது. பன்னிரண்டுக்குப் பத்து. நேரம் முடிந்து, பந்து எப்போது நின்றாலும் ஆட்டம் ஓய்ந்தது என்கிற நிலையில், மேலநீலிதநல்லூர் மாரிசெல்வி பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஓரமாக ஓடி வந்தாள். ஒல்லிப் பிள்ளை. இரண்டு பேர் இடுப்பைப் பிடித்து இழுக்க, அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு பாய்ந்தாள். பந்து தரையில் பட்டது. சுண்ணாம்புத் தூள் புகைபோல் எழும்பியது.

விழுந்து கிடந்தவர்கள் மறைத்ததில் ஹஸ்னாவுக்குப் பந்து தெரியவில்லை. அவள் சாம்சனைப் பார்த்தாள். சாம்சன் நாலடி தூரத்தில் நின்றார். துல்லியமாகப் பார்த்தார். பந்து கோட்டின் மேலே இருந்தது, தாண்டவில்லை. இடது கை குறுக்கே ஆடியது.

ஹஸ்னா விசில் ஊதினாள். சிவகிரிப் பிள்ளைகள் குதித்தார்கள். மாரிசெல்வி மட்டும் தரையிலேயே கிடந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சாம்சன் கண்டார். பாவம், ஒரு சாண் எட்டியிருந்தால் ஜெயித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கொடியைச் சுருட்டினார்.

மாலையில் பஸ்ஸுக்கு முன்னால் சாம்சன் கடையில் ஒரு டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று ஹஸ்னா வந்தாள். பந்துகள் மூட்டையாகத் திரும்பி வந்திருந்தன. சாம்சன் மூட்டையைக் கிளறி அந்தப் பந்தை எடுத்தார். அதன் முனையில் வெள்ளையாகச் சுண்ணாம்புப் பட்டை ஒட்டியிருந்தது.

"இங்கன பாரும்மா. கோட்டுச் சுண்ணாம்பு பந்துலயே இருக்கு. நான் சொன்னேன்லா, தாண்டல. கரெக்டா கோட்டு மேல வச்சிருக்கா" என்றார். முகமெல்லாம் பெருமை.

ஹஸ்னா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "கோட்டு மேலயா?"

"ஆமா."

"கோட்டு மேல வச்சு அமுக்கினாளா?"

"அமுக்காமயா சுண்ணாம்பு இப்பிடி அப்பும்?"

அவள் குனிந்து அந்தச் சுண்ணாம்புப் பட்டையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அண்ணாச்சி, ரக்பில கோடும் உள்ளதான். கோட்டத் தொட்டா போதும், ட்ரை. காலைல அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றாள்.

பந்து சாம்சன் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்றுகூடத் தெரியவில்லை.

"எனக்கும் இதுல பங்கு உண்டு அண்ணாச்சி. உங்க கைய மட்டும் பாத்தேன். எங்க பட்டுச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்" என்றாள் அவள்.

"இப்ப மாத்த முடியாதாம்மா?"

"விசில் ஊதியாச்சு. இனி மாறாது."

அவள் போனபிறகு கடையில் சிவகிரி அணியின் கேடயம் பெயர் பொறிக்கக் காத்திருந்தது. மைதானத்தில் பரிசாகக் கொடுத்ததைப் பெயர் பொறிக்கச் சாம்சன் திரும்ப வாங்கி வந்திருந்தார். பொறிக்க உட்கார்ந்தார். எழுத்து கோணியது. அந்தத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு தகடு எடுத்தார். சிவகிரிப் பிள்ளைகள் ஒரு குற்றமும் செய்யவில்லை, பெயர் அவர்களுக்கு நேராகத்தான் விழ வேண்டும். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் அந்த இன்னொரு பிள்ளையின் முதுகில் விழுவதுபோல் அவருக்கு இருந்தது.

அப்புறம் வந்த நாட்களில் மனுசன் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்தார். கையில் போனை வைத்துக்கொண்டு உலகத்தில் உள்ள பந்தாட்டங்களின் கோட்டுக் கணக்கையெல்லாம் பார்த்தார். இதை முன்னமே செய்திருக்கலாம், என்ன செய்ய. அமெரிக்காவில் பந்தைத் தரையில் வைக்கக்கூட வேண்டாமாம். கையில் பிடித்தபடியே கோட்டின் விளிம்புக்கு நேராக வந்தால் ஆறு. ஆஸ்திரேலியாவில் நம் கால்பந்து மாதிரியே முழுசாகத் தாண்ட வேண்டும். ஆனால் நடுக் கம்பங்களை விட்டுவிட்டுப் பக்கத்துக் கம்பத்துக்குள் போனாலும் ஒரு பாயிண்டு உண்டு. குறி தப்பினவனுக்கே ஒன்று கொடுக்கிற ஊர் இருக்கிறது. குறி தப்பாத பிள்ளைக்கு நான் என்ன கொடுத்தேன் என்று நினைத்தவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஞானபூரணத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஆறுதல் சொல்லுவாள் என்று ஒரு நப்பாசை.

"தெரியாமச் செஞ்சிட்டிய, சரி. இப்பத் தெரிஞ்சபிறகும் கடைக்குள்ள உக்காந்து பிலாத்து மாதிரி கை கழுவிக்கிட்டு இருந்தா எப்பிடி? அந்தப் பிள்ளைட்டப் போய்ச் சொல்லுங்க" என்றாள்.

"சொன்னா ரிசல்ட் மாறாதே."

"ரிசல்ட்டுக்காகவா சொல்லச் சொல்லுதேன்?"

நியாயம்தான். ஆனால் சொன்னால் வேறொன்று மாறும், அது அவருக்கு நன்றாகத் தெரியும். லைன் சாம்சனுக்குக் கோடு தெரியவில்லை என்று ஒரு வாய்க்குக் கிடைத்தால் போதும், கரிவலம்வந்தநல்லூர் வரைக்கும் டீக்கடை டீக்கடையாகப் போய்ச் சேரும். அந்த ஒரு பெயரைத் தவிர அவரிடம் பெரிதாக வேறென்ன இருந்தது? அதனால் இன்று வேண்டாம், நாளைக்கு என்று தள்ளினார். தள்ளத் தள்ள நெஞ்சில் பாரம்தான் ஏறியது. கடைசியில் ஒரு சாயங்காலம் பந்தைப் பைக்குள் போட்டுக்கொண்டு பைக்கை எடுத்தார்.

மேலநீலிதநல்லூர் மைதானத்தில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் கூட்டமாக ஒரு பக்கம் பந்து எறிந்து பிடித்தார்கள். மாரிசெல்வி மட்டும் தனியாக இந்தக் கோடியில். ஓடி வந்தாள், பாய்ந்தாள், எழுந்தாள், மறுபடி ஓடி வந்தாள். முழங்கை இரண்டும் சிராய்ந்து கிடந்தது. கோட்டைத் தாண்டி ஒரு முழத்துக்கும் அப்பால் போய்ப் பந்தை வைத்தாள்.

உடற்பயிற்சி ஆசிரியை ஜெயசித்ரா வந்தார். "வாங்க அண்ணாச்சி. இவளப் பாத்தியளா? அன்னைலேருந்து இப்பிடித்தான். போதும்னாலும் கேக்க மாட்டேங்கா. பிள்ளைகளும் எட்டாக்கைன்னு பட்டப்பேரு வச்சிட்டுதுக. எவளும் அவகூடச் சரியாப் பேசுதது இல்ல."

எட்டாக்கை. சாம்சன் அந்த முழங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"டீச்சர், எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிடுங்க" என்றார்.

பிள்ளைகள் வந்து வட்டமாக நின்றார்கள். அவர் பையிலிருந்து பந்தை எடுத்தார். வாழ்நாளெல்லாம் கையால் பேசியவருக்கு வாய் குழறியது.

"மக்கா, அன்னைக்கு அது ட்ரைதான். மாரிசெல்வி பந்தக் கோட்டு மேல வச்சு அமுக்கினா. நான் கண்ணால பாத்தேன். கோட்டு மேல வச்சாலும் உண்டுன்னு எனக்குத் தெரியாது. கால்பந்துக் கணக்கப் போட்டுக் கைய ஆட்டிட்டேன். அந்த நடுவர் பிள்ள சொல்ல வந்துச்சு, நான்தான் எனக்கேவான்னு கேட்டுச் சிரிச்சேன். நீங்க பதினஞ்சு. நீங்கதான் ஜெயிச்சிய. தப்பு என்மேல. மன்னிச்சிருங்க."

ஜெயசித்ராவின் முகம் மாறிப்போயிற்று. "இவ கோட்டுல வச்சேன்னுதான் சொன்னா அண்ணாச்சி. நான்தான், அவரு கண்ணு தப்பாது, நீ சும்மா இருட்டின்னு வாய அடச்சிட்டேன்" என்றார்.

மாரிசெல்வி பந்தை வாங்கினாள். சுண்ணாம்புப் பட்டை இன்னும் முனையில் இருந்தது. அதை விரலால் தடவிப் பார்த்தாள். பட்டப்பெயர் வைத்த பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை.

"கோடு உள்ளதான்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

"தெரியுமா? பெறகு ஏம்மா நீ அன்னைக்கு எங்கிட்டச் சண்டைக்கு வரல?"

"சுண்ணாம்பு என் கையில பட்டுச்சு. நல்லாத் தெரிஞ்சுது. ஆனா நீங்க கைய ஆட்டுனதும், நம்மதான் எட்டலபோலன்னு நெனச்சிட்டேன்." அவள் பந்தை இடுக்கிக்கொண்டு தன் கையைப் பார்த்தாள். "என் கைய நம்பாம உங்க கைய நம்பிட்டேன் அண்ணாச்சி."

அவள் பந்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, முழங்கையை ஊதிக்கொண்டே போய்க் குழாயடியில் முகம் கழுவினாள்.