என் போனில் மட்டும் திறந்த லாரி பேப்பர்

திருவொற்றியூரில் ஒரு சின்ன லாரி ஆபீஸில் வேலை பார்க்கிறேன். வண்டிகளின் இன்ஷூரன்ஸ், பர்மிட் எல்லாம் கிளவுடில் இருக்கும். கண்ணாடியில் ஒட்டிய க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திறக்கும்.

போன மாதம் கிளவுட் கணக்கை வேறொரு கம்பெனிக்கு மாற்றினோம். ஃபைல்களை நானே ஏற்றி, புது லிங்க்கில் ஸ்டிக்கரும் அடித்து ஒட்டினேன். என் போனில் ஸ்கேன் செய்தேன், பளிச்சென்று திறந்தது. உடனே பழைய கணக்கை மூடிவிட்டேன். எனக்கு நானே மாலை போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

மறுநாள் துறைமுக கேட்டிலிருந்து டிரைவர் காசிம் பாய் கூப்பிட்டார். வண்டியில் இறால் கன்டெய்னர். மதியத்துக்குள் உள்ளே போகாவிட்டால் கப்பலைப் பிடிக்க முடியாது.

"இன்னா மாமு ஒட்டிவச்சிக்கீற? செக்யூரிட்டி போன்ல 'அனுமதி இல்லை'ன்னு வருது. பின்னால நிக்கிறவனுங்க ஹாரன்லயே என்னைத் திட்டிகினு கீறானுங்க!"

"என் போன்ல தொறக்குதே பாய்!"

"அப்போ உன் போனை எடுத்துகினு வந்து நீயே கேட்ல நில்லு!"

உட்கார முடியாமல் ஆபீஸுக்குள்ளேயே நடந்தேன். அப்போதுதான் உறைத்தது. கணக்கு என்னுடையது, எனக்குத் திறக்காமல் இருக்குமா? 'யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்' என்ற அனுமதி புதுக் கணக்குக்கு வரவேயில்லை. உடனே அதைக் கொடுத்தேன். போனில் லாரி கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் உட்கார்ந்தேன்.

இனி அடுத்தவர் போனில் திறந்து பார்க்காமல் எந்தப் பழைய கணக்கையும் மூடமாட்டேன். நான் மறந்தாலும் காசிம் பாய் விடமாட்டார். தன் போனை நீட்டி, "மொதல்ல இதுல தொறக்கட்டும், அப்பால வண்டிய எடுக்கறேன்" என்கிறார். என் போன் எனக்கு ஆமாம் சாமி போடும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.