தேவையில்லாமல் வலித்த பத்தொன்பது நாட்கள்

கண்டியில் ஒரு வைத்தியசாலை நடைபாதையில், என்னைத் தாண்டி என் கொழுந்தன் ரவியைப் பார்த்துத்தான் டொக்டர் பேசினார். என் கணவர் சிவலிங்கத்துக்குக் கணையத்தில் (இரைப்பைக்குப் பின்னாலுள்ள சுரப்பி) புற்றுநோய். ஈரலுக்கும் பரவிவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். சிங்களம் எனக்கும் தெரியும். மனைவியும் நான்தான். பெரசிட்டமோல் எழுதித் தந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டில், வலியில் என் கணவரால் படுக்க முடியவில்லை. முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் தன் ஹார்ட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கியவர், உதட்டைக் கடித்துக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று நானும் சொன்னேன். அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் வாந்தி நிற்காததால் அதே வைத்தியசாலைக்குத் திரும்பினோம். அவர் மடங்கிக் கிடந்ததைப் பார்த்து, அக்குறணையைச் சேர்ந்த தாதி ஒருவர் என்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். டொக்டர் சொன்னதையும் சொன்னேன்.

"ஒன்டும் செய்ய ஏலாண்டு யாரு சொன்ன? நோவக் கொறைக்கிறதும் வைத்தியம்தானே அக்கா."

நோய்த்தணிப்புச் சிகிச்சை (குணமாகாத நோயில் வலியையும் அவஸ்தையையும் குறைப்பது) தரும் அறைக்கு எங்களைக் கூட்டிப்போனார். அன்று நாங்கள் நின்ற அதே நடைபாதையில், மூன்று கதவு தள்ளி இருந்தது அது.

மோர்பின் (கடும் வலிக்கான மருந்து) குடிக்கும் பாணியாகத் தந்தார்கள். ரவி பயந்தான்.

"பழகிப் போயிருமாம் அண்ணி."

என் கணவரே பதில் சொன்னார். "பழகட்டும்டா. பழகுறதுக்கு எனக்கு எத்தன நாளு இருக்கு?"

நோயின் பெயரை அவரிடம் நாங்கள் மறைத்திருந்தோம். அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

மறுநாள் மல்லாந்து படுத்துத் தூங்கினார். விழித்ததும் கேட்டார்: "இத ஏன் முன்னாடியே குடுக்கல?"

மேசையிலிருந்த பெரசிட்டமோல் அட்டையை எடுத்துக் குப்பையில் போட்டேன்.

அதன்பின் ஐந்து வாரம் இருந்தார். தாதி வீட்டுக்கே வந்து மருந்தின் அளவையும், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பதையும் சொல்லித் தந்தார். இவர் கடைச் சாவியை ரவியிடம் கொடுத்தார், கிரிக்கெட் பார்த்தார், என் ரசத்தில் உப்பில்லை என்றார். ஒரு காலையில் என் கையைப் பிடித்தபடி, முகம் சுளிக்காமல் போனார்.

அவர் போனதை ஏற்றுக்கொண்டேன். அந்தப் பத்தொன்பது நாட்களை ஏற்க முடியவில்லை. உங்களிடமும் ஒரு டொக்டர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொன்னால், வலிக்கு என்ன தருகிறீர்கள் என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.

போன வாரம் முழங்கால் வலிக்காக ஒரு டொக்டரிடம் போனேன். "இந்த வயசுல அப்படித்தாம்மா இருக்கும்" என்றார். முன்பென்றால் தலையாட்டிவிட்டு வந்திருப்பேன்.

கதிரையை விட்டு நான் எழும்பவில்லை.