கேட்டுக்கு வெளியே எடுத்த கணக்கு

கொரோனா இரண்டாம் அலையின்போது, குடவாசல் பக்கத்தில் நான் பிறந்த ஊரிலேயே காய்ச்சல் கணக்கெடுக்கும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். நான் இப்போது குடவாசலில் குடியிருக்கும் பள்ளி ஆசிரியை. ஒரு வீட்டில் காய்ச்சல் என்றால் அந்த வீட்டுக்கு மட்டும் தடை. ஒரே தெருவில் மூன்று வீடு என்றால் தெருவையே தகரம் வைத்து அடைத்துவிடுவார்கள்.

எங்கள் தெற்குத் தெருவில் உரிமையோடு அடுப்படி வரை போனேன். படுத்திருந்தவர்களை எழுப்பிக் காய்ச்சல் பார்த்தேன். நான்கு வீடுகளில் இருந்தது. மிராசுதார்கள் இருக்கும் பெரிய தெருவிலோ ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றேன். "இங்க யாருக்கும் ஒண்ணுமில்ல, எழுதிக்க" என்றார்கள். வீட்டுக்கு வீடு இருமல் கேட்டது. எழுதிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் தெருவை அடைத்தார்கள். குறுவை நடவு நேரம். எங்கள் பெண்கள் வேலையில்லாமல் உள்ளே கிடக்க, பெரிய தெருக்காரர்கள் வேனில் வெளியூர் ஆட்களை இறக்கி நட்டுக்கொண்டார்கள்.

அரிசி வாங்கிக்கொண்டு போனேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்ற என் சித்தி கையை நீட்டவில்லை.

"எங்க அடுப்படி வரைக்கும் வந்தியே, அங்க ஏன் உள்ள போகல?"

என் அப்பா கூலிக்காகக் காத்து நின்றது அந்தக் கேட்டுகளில் ஒன்றுக்கு வெளியேதான். நான் அப்படி நிற்கக் கூடாது என்றுதான் என்னைப் படிக்க வைத்தார். அரசாங்க அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றிருக்கிறேன். பெரிய தெருக்காரர்கள் மேல் இருந்த கோபம்கூடக் கொஞ்சம் தணிந்துவிட்டது. என் மேல் இருப்பது தணியவில்லை.

அன்றைக்கு அந்தக் கேட் திறந்துதான் கிடந்தது.