தறியில்லாத அறையில் மூன்று பாட்டு

அவிநாசி சாலையில் சின்னியம்பாளையம் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். பகல் முழுக்க ஒரு பன்னும் டீயும்தான். அதைவிடக் குறைவாகத் தின்றும் நடந்திருக்கிறேன். பின்னால் காந்திபுரத்தில், ஒரு செல்போன் கடை மாடி ஸ்டூடியோவில், என் முதல் ஆல்பம் ஏழு பாட்டோடு நின்றுபோயிருந்தது.

இன்னும் மூன்று பாட்டு பாக்கி. எட்டாவதோடு பள்ளியை விட்டு, தேங்காய்க் களம், செங்கல் சூளை, விசைத்தறி என்று சுற்றியவன் நான். அந்த மூன்றும் தறி ஓட்டும்போது கட்டியவை. பஸ்ஸிலும் டீக்கடையிலும் கட்டிய மற்ற ஏழும் சிக்கலில்லாமல் பதிவாகிவிட்டன. தறிப் பாட்டுதான் வரவில்லை.

தறிக் கொட்டகையில் பக்கத்தில் நிற்பவன் பேச்சே கேட்காது. அந்த இரைச்சல்மேல் சாய்ந்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து பாடிப் பழகிய பாட்டுகள். ஸ்டூடியோவில் சுவரெல்லாம் பஞ்சு. கத்தினால் சுருதி விலகியது. அடக்கிப் பாடினால் வேறு யாரோ பாடுவதுபோல இருந்தது.

ஒலிப்பதிவு செய்தவர் என்னைவிட இளையவர், பொறுமைசாலி. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்:

"ஏனுங்கண்ணா, பாடறீங்களா, ஊரையே காதுகுத்துக்கு அழைக்கறீங்களா?"

"இந்த அமைதி பயமா இருக்குதுங்க."

செல்போனில் தறிச் சத்தம் தேடி என் காதில் போட்டுப் பார்த்தார். தையல் மிஷின் ஓடுவதுபோல இருந்தது. கடைசியில், "மூணையும் உட்டுப்போட்டு ஏழோட முடிச்சுக்கலாங்கண்ணா" என்றார். தப்பான பேச்சில்லை. கேட்பவர்களுக்கு ஏழு போதும். எனக்கு அந்த மூன்றுக்காகத்தான் ஆல்பமே. "நாளைக்குச் சொல்றேனுங்க" என்று படியிறங்கி, தறிகள் ஓடும் ஊர்ப்பக்கம் நடக்கத் தொடங்கினேன்.

கருமத்தம்பட்டியில் சாத்தியிருந்த ஒரு கடை வாசலில் தூங்கினேன். விடிந்ததும் தறிச் சத்தம் வந்த பக்கம் போய், முதல் கொட்டகையில் வேலை கேட்டேன். முதலாளியம்மா மேலும் கீழும் பார்த்தார்.

"தறி ஓட்டுவீங்களா?"

"ஓட்டுவேனுங்க. ஒரு நாள் மட்டும் ஒருத்தர் மைக்கோட வருவாருங்க. தறிகிட்ட நின்னு நான் பாடோணும்."

"மைக்கா? ஏதாச்சும் கட்சிங்களா?"

"பாட்டுக்காரனுங்க."

"பாடுங்க, ஆடுங்க. நூல் அத்துதுன்னா பாட்ட நிறுத்திப்போட்டு முடிச்சுப் போடோணும்."

வெளியே வந்து ஒலிப்பதிவாளருக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"தறிதானுங்கண்ணா கேக்கும், நீங்க கேக்கமாட்டீங்க."

"மைக்க வாயோட ஒட்டி வெச்சுக்கறேனுங்க."

"அப்பறம் அந்த இரைச்சல பாட்டுலிருந்து எடுக்கவே முடியாதுங்க."

"எடுக்க வேண்டாமுங்க."

கொட்டகை எங்கே என்று கேட்டுக்கொண்டார். பிறகு, "சரி, வாரேனுங்கண்ணா" என்றார்.

சுவரோரம் இருந்த இரண்டு தறிகளை எனக்குக் கொடுத்தார்கள். ஒன்றில் நூல் அறுந்து கிடந்தது. முடிச்சுப் போட்டு ஓட்டினேன்.